சுருள் மண்டலங்களில் விண்மீன் பிறப்பை எப்படி அளக்கிறார்கள்?

நம் பால்வீதியைப் போன்ற பெரும் விண்மீன் கூட்டமான எம் 51 என்ற சுருள் மண்டலத்தில் ஆண்டுக்கு மூன்று விண்மீன்கள் பிறப்பதாக வாசித்திருக்கிறீர்கள். தனி விண்மீன் ஒன்றைக்கூடப் பிரித்துப் பார்க்க முடியாத தூரத்தில் அந்த மூன்றையும் யார் எண்ணினார்கள் என்பது உங்கள் முதற் கேள்வி. தெகிவளையில் உங்கள் வீட்டு மொட்டை மாடியில் இருக்கும் ஆறு அங்குலத் தொலைகாட்டியால் அதில் எதையாவது நீங்களே பார்க்க முடியுமா என்பது இரண்டாவது. முதற் கேள்விக்கு உள்ளே இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: இப்படிச் சொல்லப்படும் எண்களை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதுதான் அது. அதற்கே கூடுதலாக இடம் கொடுக்கிறேன், ஏனெனில் அந்த மூன்றை யாரும் எண்ணவில்லை. மிகச் சிறுபான்மையான சில விண்மீன்களின் ஒளியை அளந்து, மற்றவை எவ்வளவு இருக்க வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அளந்தது எது, கணக்கிட்டது எது என்பதைப் பிரித்துப் பார்த்தால் நம்பிக்கையின் எல்லையும் தெரிந்துவிடும்.

நான் கொழும்பில் நெடுங்காலம் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் கற்பித்தவன். அதற்கு முன் பட்டமேற்படிப்புக்காக இரண்டு ஆண்டுகள், வேறொருவர் எடுத்துத் தந்த சுருள் மண்டலப் படங்களில் ஐதரசன் ஒளியை அளக்கும் வேலையைச் செய்தேன். ஆகவே கண்ணுக்குப் புலப்படும் ஒளியைப் பற்றி நான் சொல்வது கைப்பழக்கத்தில் வந்தது. ரேடியோ அலைகளைப் பற்றிச் சொல்வது வாசித்து அறிந்தது. அந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ‘மூன்று’ என்பதன் பொருளைத் திருத்திக்கொள்ள வேண்டும். ஆய்வுக் கட்டுரைகளில் அது மூன்று விண்மீன்கள் அல்ல, மூன்று சூரியன்களின் நிறை. அதாவது, ஓராண்டில் அவ்வளவு வாயு விண்மீன்களாக மாறுகிறது. பிறக்கும் விண்மீன்களில் மிகப் பெரும்பாலானவை சூரியனைவிடச் சிறியவை. சராசரி எடுத்தால் சூரிய நிறையில் பாதிகூட வராது. எனவே மூன்று சூரிய நிறை என்பது எண்ணிக்கையில் ஆறேழுக்கு மேல். செய்தியாக மாறும்போது ‘சூரிய நிறை’ என்ற சொல் உதிர்ந்துபோவதால் வரும் குழப்பம் இது. நம்முடைய பால்வீதியின் கணக்கும் ஆண்டுக்கு ஒன்று முதல் இரண்டு சூரிய நிறை என்ற அளவில்தான் இருக்கிறது.

இனி அளப்பது எதை என்று பார்ப்போம். சனவரி மாத இரவொன்றில் மொட்டை மாடிக்குப் போய், திருவாதிரை விண்மீன் இருக்கும் ஓரியன் தொகுதியை நிமிர்ந்து பாருங்கள். அதன் வாள் பகுதியிலுள்ள நெபுலா கொழும்பில் உச்சிக்கு ஏறத்தாழ 12 பாகை தெற்கே கடந்து போகிறது. நகர வெளிச்சத்திலும் உங்கள் தொலைகாட்டிக்கு அது நன்றாகத் தெரியும். ஏறத்தாழ 1,340 ஒளியாண்டு தூரத்தில், ஆயிரக்கணக்கான இளம் விண்மீன்களைக் கொண்ட பிறப்பிடம் அது. ஆயினும் அந்த முகில் முழுவதையும் ஒளிர வைப்பது, நடுவில் நான்காய் நெருங்கி நிற்கும் விண்மீன்களில் முதன்மையான ஒன்றே. மிகச் சூடான அந்த விண்மீனிலிருந்து 91.2 நனோமீற்றருக்கும் குறைந்த அலைநீளமுள்ள கதிர் வெளிவருகிறது. எங்கள் பாடநூல்கள் ஊதா கடந்த கதிர் என்றும், தமிழ்நாட்டு நூல்கள் புற ஊதாக் கதிர் என்றும் சொல்வது அதைத்தான். அது ஐதரசன் அணுவிலிருந்து இலத்திரனைப் பிரித்துவிடுகிறது. பிரிந்த இலத்திரன் மீண்டும் அணுவோடு சேர்ந்து படிப்படியாகக் கீழிறங்கும்போது, 656.3 நனோமீற்றரில் ஒரு சிவப்பு ஒளி வருகிறது. ஐதரசன் ஆல்ஃபா என்று எல்லோரும் சொல்வது இந்த ஒளியை. ஏறத்தாழ இரண்டு அணுக்கள் இப்படிச் சேர்ந்தால் இந்தச் சிவப்பு ஒளித்துகள் ஒன்று வெளிப்படும் என்பது அணுப் பௌதிகவியலில் உறுதியாகக் கணிக்கப்பட்ட விகிதம். ஆகவே சிவப்பு ஒளியை அளந்தால், விண்மீன்களிலிருந்து எவ்வளவு ஊதா கடந்த கதிர் வந்தது என்பது தெரியும். அதிலிருந்து அத்தகைய பெரு விண்மீன்கள் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதும் தெரியும்.

பெரு விண்மீன்களின் ஆயுள் குறுகியது என்பதே இந்த முறையின் உயிர்நாடி. சூரியன் ஆயிரம் கோடி ஆண்டு வாழும். வாயு அணுக்களிலிருந்து இலத்திரனைப் பிரிக்கக் கூடிய பெரு விண்மீன்களோ சில மில்லியன் ஆண்டுகளில், மிஞ்சினால் ஒரு கோடி ஆண்டுக்குள், எரிந்து முடிந்துவிடும். பிறந்த இடத்தை விட்டு வெகுதூரம் விலக அவற்றுக்குக் காலம் போதாது. அதனால் ஒரு சுருள் கையில் இந்தச் சிவப்பு முடிச்சுகள் தெரிந்தால், அந்த இடத்தில் அண்மையில்தான் விண்மீன்கள் பிறந்தன என்று ஐயமின்றிச் சொல்லலாம். எம் 51 ஏறத்தாழ மூன்று கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. ஒரு பாகையை 3,600 கூறாக்கினால் வரும் ஒரு வில்செக்கன் அளவு, அந்தத் தூரத்தில் 145 ஒளியாண்டு அகலத்தை அடக்கிக்கொள்ளும். நம் வளிமண்டலத்தின் கலக்கத்துக்குள் தரையிலிருந்து காணக்கூடிய நுணுக்கம் பொதுவாக அவ்வளவுதான். ஓரியன் நெபுலாவை அங்கே கொண்டுபோய் வைத்தால் அது ஒரு வில்செக்கனில் ஆறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஹபிள் தொலைகாட்டிக்குக்கூட மிகப் பிரகாசமான பெரு விண்மீன்கள் மட்டுமே தனியே தெரியும். சூரியனைப் போன்றவை அங்கே யாருக்கும் தெரியப்போவதில்லை.

இந்த அளவீடு நடக்கும் விதத்தைச் சற்று அருகிலிருந்து சொல்கிறேன், ஏனெனில் தவறுகள் நுழையும் வாசல் இங்கேதான் இருக்கிறது. ஒரே மண்டலத்தை இரண்டு வடிகட்டிகளால் படமெடுப்பார்கள். ஒன்று 656.3 நனோமீற்றரைச் சுற்றிய ஒடுங்கிய பட்டையை மட்டும் அனுமதிக்கும். மற்றது சிவப்பு ஒளி முழுவதையும் அனுமதிக்கும். ஒடுங்கிய பட்டைக்குள்ளும் கிழ விண்மீன்களின் சாதாரண ஒளி கலந்துதான் இருக்கும். அதைக் கழிப்பதற்கு, இரண்டாவது படத்தை ஒரு எண்ணால் பெருக்கி முதற் படத்திலிருந்து நீக்க வேண்டும். அந்த எண் என்ன என்பதே சிக்கல். படத்தில் நம்முடைய பால்வீதியைச் சேர்ந்த விண்மீன்கள் முன்னால் சிதறிக் கிடக்கும். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஐதரசன் ஒளி மிகையாக இல்லை. ஆகவே சரியான எண்ணால் கழித்தால் அவை படத்திலிருந்து மறைந்துபோக வேண்டும். நான் முதன்முதலாகக் கழித்தபோது மண்டலத்தின் மையம் கன்னங்கரேலென்று குழி விழுந்தாற்போல் வந்தது. எண் சற்றுப் பெரிதாகிவிட்டது. அதைக் குறைத்தேன்; இப்போது மையம் ஒளிர்ந்தது. அங்கே பெருமளவில் விண்மீன்கள் பிறக்கின்றன என்று ஒரு வாரம் மகிழ்ந்திருந்தேன். என் மேற்பார்வையாளர் படத்தின் மூலையைச் சுட்டிக்காட்டினார்; முன்னால் கிடக்கும் பால்வீதி விண்மீன்கள் அங்கே இன்னும் மறையாமல் நின்றன. மையத்தில் நான் கண்டது மஞ்சள் நிறக் கிழ விண்மீன்களின் மிச்ச ஒளி. எண்ணைச் சரிசெய்தபோது மையம் அடங்கிப்போய், சுருள் கைகளின் உள்விளிம்பை ஒட்டிச் சிவப்பு முடிச்சுகள் மணி கோத்தாற்போல் வெளிப்பட்டன. அந்த மாலைக்குப் பின், யாருடைய ஐதரசன் படத்தைப் பார்த்தாலும் முதலில் மூலையிலுள்ள விண்மீன்களைத்தான் பார்க்கிறேன். ஐதரசன் கோட்டுக்கு இருபுறமும், 654.8, 658.3 நனோமீற்றரில் நைதரசன் ஒளியும் வருகிறது. அதையும் கழிக்க வேண்டும்.

அடுத்த தடை தூசு. விண்மீன்கள் பிறப்பதே தூசு மண்டிய முகில்களுக்குள். பிறந்தவற்றின் ஒளியில் பெரும் பங்கை அந்த முகிலே விழுங்கிவிடும். எவ்வளவு விழுங்கியது என்று அறிய ஓர் அழகிய வழி உண்டு. ஐதரசனிலிருந்து 486.1 நனோமீற்றரில் ஒரு நீல ஒளியும் வரும். தூசு இல்லாவிட்டால் சிவப்பு ஒளி நீல ஒளியைப் போல் 2.86 மடங்கு இருக்க வேண்டும். தூசு நீலத்தையே கூடுதலாக விழுங்கும் என்பதால், அளந்த விகிதம் 2.86-ஐ எவ்வளவு மிஞ்சுகிறதோ அதைக் கொண்டு இழப்பை மீட்டெடுக்கலாம். அடர்ந்த முகிலிலோ சிவப்பு ஒளியும் வெளியே வராது. அங்கே அகச்சிவப்புக் கதிர்தான் கைகொடுக்கும். விழுங்கிய ஒளியால் சூடேறிய தூசு அந்த ஆற்றலை அகச்சிவப்பாக வெளிவிடுகிறது. 2003-இல் ஏவப்பட்ட ஸ்பிட்ஸர், 2009-இல் ஏவப்பட்ட ஹெர்ஷல், 2021 டிசெம்பரில் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் ஆகிய விண்வெளித் தொலைகாட்டிகள் இதற்காகப் பெரிதும் பயன்பட்டவை. ஊதா கடந்த கதிரையே நேராக அளக்க 2003-இல் கேலெக்ஸ் விண்கலமும், 2015 செப்டெம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஆஸ்ட்ரோசாட்டிலுள்ள இரட்டைத் தொலைகாட்டியும் உதவின. ஐதரசன் சிவப்பு கடந்த ஒரு கோடி ஆண்டுக் கதையைச் சொன்னால், ஊதா கடந்த கதிர் ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுக் கதையைச் சொல்லும். இரண்டு எண்களும் ஒத்துப்போகாதபோது எது பிழை என்று கேட்பதைவிட, எந்தக் காலத்தைப் பற்றிய எண் என்று கேட்பதே முறை.

பிறந்தவற்றை மட்டுமல்லாமல், பிறக்கப் போகின்றவற்றுக்கான வாயுவையும் அளக்கிறார்கள். குளிர்ந்த ஐதரசன் மூலக்கூறிலிருந்து அளக்கத்தக்க ஒளி வராது என்பதால், அதனோடு கலந்திருக்கும் காபனோரொட்சைட்டு 2.6 மில்லிமீற்றரில் தரும் ரேடியோ அலையைப் பிடிக்கிறார்கள். சிலியில் ஏறத்தாழ 5,000 மீற்றர் உயரத்தில் 66 அலைவாங்கிகளோடு நிற்கும் அல்மா என்ற ரேடியோத் தொலைகாட்டி இதில் வல்லது. ஃபாங்ஸ் என்ற ஆய்வுக் குழு ஏறத்தாழ தொண்ணூறு அண்மை மண்டலங்களை அல்மாவால் வரைந்திருக்கிறது. வாயு இருக்கும் அளவையும் அது செலவாகும் வேகத்தையும் ஒப்பிட்டால், சாதாரணச் சுருள் மண்டலம் ஒன்றின் கையிருப்பு ஏறத்தாழ இருநூறு கோடி ஆண்டில் தீர்ந்துவிடும் என்று வருகிறது. மண்டலங்களின் வயதோடு ஒப்பிட்டால் இது சிறிய காலம். வெளியிலிருந்து புதிய வாயு வந்துகொண்டே இருக்க வேண்டும் என்ற முடிவு இதிலிருந்தே பிறந்தது.

இப்போது நம்பிக்கையின் எல்லைக்கு வருகிறேன். எந்த இடத்தில் விண்மீன்கள் பிறக்கின்றன, ஒரு கையில் மற்றக் கையைவிடக் கூடுதலா, எம் 51 நம் பால்வீதியைவிட ஊக்கமாக இருக்கிறதா என்பன போன்ற ஒப்பீடுகள் உறுதியானவை. ‘ஆண்டுக்கு மூன்று’ என்ற முழு எண் அவ்வளவு உறுதியானதல்ல. அதில் இரண்டு பெரிய ஊகங்கள் உள்ளன. முதலாவது, பெரு விண்மீன் ஒன்றுக்குச் சிறு விண்மீன்கள் எத்தனை என்ற விகிதம். நாம் ஒளியை அளப்பது, பிறப்பவற்றில் நூறில் ஒன்றுகூட இல்லாத பெரு விண்மீன்களில் மட்டும்; மிச்ச நிறை முழுவதும் இந்த விகிதத்திலிருந்து வருகிறது. 1955-இல் எட்வின் சால்பீட்டர் நம் சூரியனுக்கு அண்மையிலுள்ள விண்மீன்களைக் கொண்டு அதை வகுத்தார். சிறு விண்மீன்களை மேலும் சரியாக எண்ணிய பின்னர் வந்த விகிதங்களைப் பயன்படுத்தினால், அதே ஒளிக்குக் கிடைக்கும் நிறை மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. ஒளி மாறவில்லை, மண்டலம் மாறவில்லை, எண் மட்டும் மாறிவிட்டது. இந்த விகிதம் எல்லா மண்டலங்களிலும் ஒன்றுதானா என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. இரண்டாவது, தூரம். எம் 51-க்கு ஆய்வாளர்கள் 2.3 கோடியிலிருந்து 3.1 கோடி ஒளியாண்டு வரை சொல்லியிருக்கிறார்கள். ஒளிர்வு தூரத்தின் இருபடியோடு பெருகும். இந்த வேறுபாடு மட்டுமே எண்ணை ஏறத்தாழ 1.8 மடங்கு மாற்றப் போதும். இரண்டையும் வைத்துப் பார்த்தால், ‘மூன்று’ என்பதை ‘இரண்டுக்கும் ஐந்துக்கும் இடையில்’ என்று வாசிப்பதே நேர்மை என்பது என் கருத்து.

சுருள் கைகளைப் பற்றியும் ஒரு சொல். கைகள்தான் விண்மீன்களைப் பிறப்பிக்கின்றன என்று பலரும் எழுதுகிறார்கள். கைகள் நிலையான பொருள்கள் அல்ல, அடர்த்தி அலைகள் என்ற கொள்கையை 1964-இல் லின், ஷூ இருவரும் முன்வைத்தார்கள். சாலையில் மெதுவாகப் போகும் பார ஊர்தியின் பின்னால் வாகனங்கள் நெருங்குவதைப் போல, வாயு அங்கே வந்து நெருங்குகிறது. நெருங்கிய இடத்தில் பிறப்பு நடக்கிறது. இதில் ஐயமில்லை. ஆனால் கைக்குள் வந்ததால் ஒரே அளவு வாயு கூடுதலான விண்மீன்களைப் பெறுகிறதா, அல்லது வாயு கூடியதால்தான் பிறப்பும் கூடியதா என்பதில் ஆய்வாளர்கள் ஒருமித்திருக்கவில்லை. தெளிவான இரு கைகளுள்ள மண்டலங்களிலும் துண்டு துண்டான கைகளுள்ளவற்றிலும் பிறப்பு விகிதம் பெரிதாக வேறுபடவில்லை என்பதால், இரண்டாவது விளக்கத்தின் பக்கம் நான் சாய்கிறேன்.

மிகத் தொலைவுக்குப் போனால் ஊகங்களின் பங்கு இன்னும் பெருகும். புனேயைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஜேம்ஸ் வெப்பின் படங்களில் கண்டு அலக்நந்தா என்று பெயரிட்ட சுருள் மண்டலத்தைப் பற்றி 2025-இல் அறிவித்தார்கள். பெருவெடிப்புக்குப் பின் ஏறத்தாழ 150 கோடி ஆண்டில் இருந்த மண்டலம் அது. அங்கே ஆண்டுக்கு அறுபது சூரிய நிறைக்கு மேல் விண்மீன்களாவதாகக் கணித்திருக்கிறார்கள். பிரபஞ்சம் விரிவதால் அங்கிருந்து வரும் ஐதரசன் சிவப்பு ஐந்து மடங்கு நீண்டு, 3.3 மைக்ரோமீற்றர் அகச்சிவப்பாக நம்மிடம் வந்து சேரும். அத்தகைய எண்கள், பல வடிகட்டிகளில் கிடைத்த ஒளியோடு கணினி மாதிரிகளைப் பொருத்திப் பார்த்துப் பெறப்படுபவை. அவ்வளவு முற்பட்ட காலத்தில் ஒழுங்கான இரண்டு கைகள் இருந்தன என்பதே எனக்கு அறுபதைவிடப் பெரிய செய்தி.

இனி உங்கள் தொலைகாட்டி. நாம் இருக்கும் அகலக்கோட்டில் ஒரு பேறு உண்டு. எம் 51 சப்தரிஷி மண்டல வாலின் கடைசி விண்மீனுக்கு அருகே இருக்கிறது. தெற்கு வானிலுள்ள எம் 83 என்ற இன்னொரு சுருள் மண்டலம் நம் சித்திரை விண்மீனுக்கு ஏறத்தாழ 19 பாகை தெற்கே இருக்கிறது. இரண்டும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் உச்சிக்கோட்டைக் கடக்கும். கொழும்பில் ஒன்று வடக்கே 50 பாகை உயரத்திலும் மற்றது தெற்கே 53 பாகை உயரத்திலும் நிற்கும். 1845-இல் அயர்லாந்தில் ரோஸ் பிரபு தம்முடைய 72 அங்குலத் தொலைகாட்டியால் எம் 51-இன் சுருளை முதன்முதலாகக் கண்டார். அவருக்கு எம் 83 அடிவானத்தை ஒட்டி எட்டுப் பாகைக்கு மேல் எழும்பியதில்லை. மார்ச் நடுவில் அதிகாலை இரண்டேகால் மணியளவிலும், ஏப்ரல் நடுவில் நள்ளிரவை ஒட்டியும் இரண்டும் உயரத்தில் இருக்கும். ஏப்ரலில் மாலை இடிமழைக்குப் பின் வானம் தெளியாத நாள்கள் பல. ஆகவே நான் மார்ச்சையே விரும்புகிறேன். போயா விடுமுறையில் பயணம் வைக்காதீர்கள். அன்று முழுநிலவு, அதிலும் சித்திரைப் பௌர்ணமியில் நிலவு சித்திரை விண்மீனை ஒட்டியே நிற்கும். தெகிவளை மாடியிலிருந்து இவை இருப்பதே ஐயமாகத்தான் தெரியும். கற்பிட்டிப் பக்கம் போய், அரை மணி நேரம் கண்ணை இருளுக்குப் பழக்கி, நேரே பார்க்காமல் கடைக்கண்ணால் பார்த்தால், எம் 83 நடுவில் திரண்ட வெண்புகையாகத் தெரியும். சுருளைக் காண ஆறு அங்குலத்துக்கு நல்ல இரவும் பொறுமையும் வேண்டும். சிவப்பு நிறம் தெரியாது, ஏனெனில் இருளில் நம் கண் அந்த அலைநீளத்தை ஏறத்தாழ உணர்வதில்லை. வேறொரு மண்டலத்தில் விண்மீன் பிறக்கும் இடத்தைக் கண்ணாலேயே காண விரும்பினால் சனவரி முன்னிரவில் எம் 33 என்ற சுருள் மண்டலத்தைத் தேடுங்கள். அதன் ஓரத்திலுள்ள என்.ஜி.சி 604 ஏறத்தாழ 1,500 ஒளியாண்டு அகலமான முகில். இருண்ட இடத்தில் உங்கள் தொலைகாட்டிக்கு அது ஒரு சிறு மங்கல் புள்ளியாகத் தெரியும்.

கமரா பொருத்தும் எண்ணம் இருந்தால், ஐதரசன் வடிகட்டி வாங்குமுன் ஒன்றைக் கவனியுங்கள். எம் 83 நம்மிடமிருந்து செக்கனுக்கு ஏறத்தாழ 510 கிலோமீற்றர் வேகத்தில் விலகுகிறது. அதனால் அதன் சிவப்பு ஒளி 1.1 நனோமீற்றர் தள்ளி, 657.4-இல் வந்து விழும். 3 நனோமீற்றர் அகல வடிகட்டியில் அது விளிம்பை நெருங்கிவிடும். 7 நனோமீற்றர் அகலமானது பாதுகாப்பு, நைதரசன் ஒளி சிறிது கலந்தாலும் பரவாயில்லை. நகரத்திலிருந்தே பல இரவுகளாகச் சில மணி நேர ஒளியைச் சேர்த்தால் கைகளின் மேல் முடிச்சுகள் வெளிவரும். சாதாரணச் சிவப்பு வடிகட்டியாலும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கழித்துப் பார்க்கும்போது மூலையிலுள்ள விண்மீன்கள் மறைந்தனவா என்பதை முதலில் பாருங்கள்.